பெரட்டு என்று பெயர் வைத்தேன்

தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியர் சங்கக் கிளைச் செயலாளராக இருந்தபோது நான் செய்த ஒரு காரியத்தைப் பல வருடங்களாக யாரிடமும் சொல்லவில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட மலேசியத் தோட்டம் அது. புதிதாக மாறி வந்த தலைமையாசிரியை சிலோன்காரர், இலங்கைத் தமிழர். என் அப்பா பால்மரம் வெட்டியவர். அவர் காலத்தில் விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பில் பேர் கூப்பிட்ட தோட்டக் கணக்கரான கிராணியும் சிலோன்காரர்தான். பிந்திப் போனால் பேரை அடித்துவிடுவார், அன்றைக்கு வேலை கிடையாது. தலைமையாசிரியை அம்மாவின் கையிலும் எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். அதில் எங்கள் பேர்கள்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அவர் கொண்டுவந்த திட்டம் எளியது. ஓர் ஆசிரியர் பாடம் நடத்தும்போது இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும். யாருக்கு எங்கே தடுக்கிறது என்று பிறகு இருவரும் பேசிக்கொள்ள வேண்டும். கல்வி இலாகாவுக்கு எதுவும் போகாது. சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் தொடங்குவேன் என்றார். அதிகாரம் உள்ளவர் எதற்காக நம்மிடம் கேட்கிறார்? அதுதான் என்னை உறுத்தியது.

ஆசிரியர் அறையில் இளைய ஆசிரியர் ஒருவர், கையெழுத்துப் போடலாமா என்று கேட்டார்.

"போடு மச்சான். நாளைக்கு இருட்டோட பெரட்டுக்கு வந்து நில்லு. கிராணியம்மா பேர் கூப்பிடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து திட்டத்துக்குப் பெரட்டு என்றே பேர்.

அது அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டார். "முதல்ல என்ர வகுப்புக்கு வாங்கோ சார். என்னைப் பாருங்கோ."

குறை பிடிக்கத்தான் போனேன். இரண்டாம் ஆண்டுத் தமிழ்ப் பாடம். நன்றாகவே நடத்தினார், அது எனக்கு எரிச்சலாக இருந்தது. பிள்ளைகள் சேர்ந்து வாசித்தார்கள். கடைசி வரிசையில், எனக்குப் பக்கத்தில் இருந்த சிறுமியின் குரல்தான் எல்லாவற்றையும் விடக் கணீரென்று கேட்டது. ஆனால் அவள் விரல் முதல் வரியை விட்டு நகரவில்லை. பக்கத்துப் பிள்ளை தாளைத் திருப்பியதைப் பார்த்துவிட்டுத் தானும் திருப்பினாள். பாடம் முழுவதும் அவளுக்குக் காதால் கேட்டே மனப்பாடம். எழுத்து தெரியாது. முன்னால் நிற்பவருக்கு அது தெரிய வழியே இல்லை.

"என்ன பார்த்தீங்கள் சார்?" என்று கேட்டார்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் திட்டம் சரி என்று நானே ஒப்புக்கொண்டதாகியிருக்கும். சங்கம் கையெழுத்திடவில்லை. திட்டம் நின்றது. அடுத்த வருடம் அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

அந்தச் சிறுமிக்கு வாசிக்கத் தெரியாது என்பது நான்காம் ஆண்டில்தான் வெளியே வந்தது. அதற்குள் அவள் வகுப்பில் வாய் திறப்பதையே விட்டிருந்தாள். நானாவது உட்கார்த்திச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால்? அந்தப் பயத்தில் அதையும் செய்யவில்லை.

போன மாதம் அந்தத் தலைமையாசிரியையின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்து, ஈப்போவில் உள்ள என் வீட்டிலிருந்து அழைத்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். நான் சொல்வதையும் நோட்டில் குறித்துக்கொள்கிறாரோ என்று அப்போதும் எனக்குத் தோன்றியது.

"கடைசி வரிசையில, சுவரோரம் இருந்த பிள்ளையா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"வகுப்பிலயே அந்தப் பிள்ளைதான் நல்லா வாசிக்குதெண்டு நோட்டில எழுதி வச்சிருந்தனான் சார்."