தலைகீழாகத் தெரிந்த கோல்

பொறியியல் கல்லூரி விழாக்களுக்கு என்னைக் கூப்பிட்டால், செயல்முறைப் பயிற்சியின் பயன் பற்றிப் பேசச் சொல்வார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஆரம்பித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். என் பயிற்சியில் நான் கற்றதை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

1950களின் நடுவில், கல்லூரியின் ஒரு கோடை விடுமுறையில், செய்யூர்ப் பக்கம் சாலை வேலைக்கு அனுப்பினார்கள். வயல் ஓடைக்குக் குறுக்கே ஒரு சிறுபாலம். மட்டக் கருவியில் பார்த்து உயரம் குறிப்பது என் வேலை. எதிரே அளவுகோலைப் பிடித்து நிற்க ஓர் ஆள். நாற்பது வயதிருக்கும். ஆறு வருடமாகத் தினக்கூலி.

"இன்னும் ஒரு மாசம் சார், பர்மனென்ட் பண்றாங்களாம். அப்பால நானும் கவர்மென்டு ஆளு" என்பார், தினம் ஒருமுறையாவது. கோலில் இருந்த எண்களைப் படிக்க அவருக்குத் தெரியாது.

அந்தக் காலத்துக் கருவியில் கோல் தலைகீழாகத் தெரியும். எண்களை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். இதைப் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிய மகா புத்திசாலி நான். வெயிலில் கண் பூத்துப்போன ஒரு மதியம், கீழிருந்து மேலாகப் படித்துக் குறித்துவிட்டேன். அதை நம்பிப் பாலத்துக்கு அடியில், தண்ணீர் ஓடும் தளத்தைப் போட்டார்கள். ஒரு கோடை மழை பெய்தது. தண்ணீர் தளத்தைத் தாண்ட முடியாமல் வயலில் தேங்கி, வேர்க்கடலை அழுகியது. தளம் அரை அடிக்கு மேல் உயர்ந்திருந்தது.

இன்ஜினீயர் ஜீப்பில் வந்து இறங்கி, என் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார். "யார் தப்பு?" என்றார்.

அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குச் சான்றிதழ். "கோல் சாய்ந்திருக்கும் சார்" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

"இன்னா சார், கல்லு மாரி நின்னுகினு இருந்தேனே! நீங்க பாத்துகினுதானே இருந்தீங்க?" அவர் என்னைத்தான் கேட்டார். நான் குனிந்து கருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

கடைசி நாள், சான்றிதழை எழுதிக்கொண்டே இன்ஜினீயர் சொன்னார்: "இவ்வளவு தப்பு வரணும்னா கோல் தென்னை மரம் மாதிரி சாஞ்சிருக்கணும், தம்பி. புத்தகத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சார் அவரை..."

"நீயா வாயைத் திறப்பியான்னு பாத்தேன். திறக்கலை. நீ பெரிய ஆளா வருவே." 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது; ஆனால் வாங்கிக்கொண்டேன்.

செங்கல்பட்டு பஸ்ஸுக்காக நின்றபோது, கோல் பிடித்தவர் ஓடிவந்தார். என் டிரங்குப் பெட்டியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் இறக்கவில்லை.

"சார், கோலு ஆடலன்னு உங்க கண்ணுக்குத் தெரியும். பெரிய சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க சார். உங்கள வுட்டா எனக்கு வேற சாட்சி யாரு கீறாங்க?"

"சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்" என்றேன்.

பஸ் கூரைமேல் ஏறி, பெட்டி விழாமல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினார். என் ஜன்னலுக்கு வந்து, இரண்டு கைகளையும் கூப்பி, "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றார்.

நன்றாகத்தான் இருக்கிறேன்.