பதினான்காம் கட்டிலின் அட்டை

லேத் இயந்திரத்தின் முன் இருபத்திரண்டு ஆண்டுகள் நின்றவருக்கு, அளவில் மயிரிழை பிசகினாலும் வார்த்த இரும்பு குப்பைக்குத்தான் போகும் என்பது தெரியும். ஆகவே குடலிறக்கத்துக்கு அறுவை என்றதும், மருத்துவமனை தந்த அறிவுரைத் தாளை மூன்று முறை படித்து, எழுத்துப் பிசகாமல் நடந்தார். முந்தைய இரவு பத்து மணிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

விடிந்ததும் வார்டின் மறுகோடிக் கட்டில் தபால்காரர் வந்து கெஞ்சினார். அவருக்கு மறுநாள்தான் அறுவை.

"தம்பி, ஒண்ணுக்குப் போய்ப் போய்க் காலே கழண்டுடுச்சு. உங்க கட்டில் கக்கூஸுக்குப் பக்கத்துல இருக்கு. மாத்திக்கலாமா?"

சிஸ்டரும் தலையாட்டினார். ஆட்கள் இடம் மாறினார்கள். கால்மாட்டில் தொங்கிய அட்டைகள் மாறவில்லை. தபால்காரர் நிம்மதியாக உட்கார்ந்து பன்னும் டீயும் முடித்தார். அடுத்த ஷிப்டில் வந்த சிஸ்டர், பதினான்காம் கட்டிலில் கண்டதை அந்தக் கட்டிலின் அட்டையிலேயே எழுதினார்: நோயாளி உணவு உட்கொண்டார். அட்டை லேத்காரருடையது.

"நான் எதையுமே வாயில வெக்கல டாக்டர்!"

"எல்லாரும் சொல்றதுதான். வயித்துக்குள்ள போன பன்னு வந்து சாட்சி சொல்லுமா?" என்றார் டியூட்டி டாக்டர், நிமிர்ந்துகூடப் பாராமல்.

பன் சாட்சி சொல்லாவிட்டாலும் தின்றவர் சொன்னார். 'பதினான்காம் கட்டிலில் பன் தின்றது நானே' என்று தபால்காரர் எழுதிக் கையொப்பமிட்ட தாள் அன்றே லேத்காரரின் கோப்பில் ஏறியது. அதைப் படிக்கத்தான் ஆளில்லை. அறுவை பதினொரு நாள் தள்ளிப்போனது.

பட்டறை மேஸ்திரி போனிலேயே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: "ஆஸ்பத்திரி தள்ளிப்போட்டா உன் மெஷின் உனக்குக் காத்திருக்கும். நீயா கெடுத்துக்கிட்டேன்னா வேற ஆள நிறுத்திருவேன். எதுவா இருந்தாலும் காகிதத்துல கொண்டா."

பதினொரு நாளும் அவர் வயிற்றில் குடல் மட்டுமா பிதுங்கிக்கொண்டிருந்தது?

அறுவை நன்றாகவே முடிந்தது. ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி எழக் கற்றுக்கொண்டார். இருமல் வந்தால் தலையணையைத் தையலோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். மூன்றாம் நாள், வீட்டுக்கு அனுப்பும் சீட்டு கைக்கு வந்தது. அதில் அந்த வரி அப்படியே இருந்தது: அறிவுரையை மீறி உண்டதால் அறுவை தள்ளிவைக்கப்பட்டது.

"கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் டியூட்டி டாக்டரின் மேசை முன் நின்று.

"ஏங்க, ஆட்டோ வந்து நிக்குது," என்றாள் மனைவி. "உடம்பு தேறுச்சே, அது போதாதா?"

"உடம்பு தேறுச்சு. மெஷின் போனா இந்த உடம்ப வெச்சுக்கிட்டு என்ன பண்ணச் சொல்ற?"

கோப்பிலிருந்து தபால்காரரின் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். அந்தக் காலையில் பணியிலிருந்த சிஸ்டரைப் பெயர் சொல்லி அழைக்கச் செய்தார். அவர் வந்து, "ஆமா டாக்டர், கட்டில் மாத்தினாங்க. நான்தான் சரின்னேன்," என்று தலைகுனிந்தார். டாக்டர் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போய், அரை மணி நேரத்தில் புதிது கொண்டுவந்தார்.

"இப்ப சந்தோஷமா? அந்த வரியையே எடுத்தாச்சு."

லேத்காரர் வரிவரியாகப் படித்தார். உண்டதும் இல்லை, தள்ளிவைத்ததும் இல்லை. பதினொரு நாட்கள் நடந்த சுவடே இல்லை.

அவருக்குத் தலைக்கேறிய சூட்டில் தையல் சுரீரென்றது. "பொய்யத் துடைக்கச் சொன்னா உண்மையையும் சேர்த்துத் துடைச்சிருக்கீங்க. அந்த பதினொரு நாள் நான் எங்க போனேன், ஊர் சுத்தவா? தள்ளிப்போட்டது நீங்க. அத எழுதுங்க."

"அப்படியெல்லாம் எழுதறது வழக்கமில்லைய்யா."

"பட்டினி கிடந்தவன் தின்னான்னு எழுதறது மட்டும் வழக்கமா?"

லேத்காரர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி, டாக்டரின் நாற்காலிக்கு எதிரே மெல்ல அமர்ந்தார். மனைவி ஆட்டோவைத் திருப்பி அனுப்பப் போனாள். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பேனாவின் மூடியைத் திறந்தார்.

"சொல்லுங்க," என்றார்.

லேத்காரர் தேதியிலிருந்து தொடங்கினார்.