ஜீப் எஞ்சின் என்று சொல்லி விற்றவன்

மக்கா, அந்த வாரம் நான் உங்கள் இரண்டு பேர் மேலும் கத்தினது எனக்கு மறக்கவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனதும் மறக்கவில்லை. என்ன நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதுக்குத்தான் எழுதுதேன். கோபம் ஆறிப்போய் எழுதுதேன் என்று நினைக்க வேண்டாம். இன்னும் ஆறவில்லை.

நம்ம பிக்கப்புக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். ராஜபாளையம் ரோட்டில் இருக்கிற சைசிங் மில்லில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுச் சுற்றின பெரிய உருளைகளை, அதாவது பீம்களை ஏற்றி, ஊருக்குள் தெருத்தெருவாக இருக்கிற தறிக்கூடங்களில் இறக்க வேண்டும். பீம் வரவில்லை என்றால் தறி நிற்கும். தறி நின்றால் ஓட்டுகிற ஆளுக்கு அன்றைக்குக் கூலி கிடையாது.

வியாழக்கிழமை நாலு பீமோடு ரயில்வே கேட் தாண்டினதும் வண்டி இருமியது, நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தான். எஞ்சினின் நாலு பிளக்குக்கும் முறை வைத்து கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற சாமான் அது. அதன் மூடி நெடுக விரிசல் விட்டிருந்தது. உள்ளே சுற்றுகிற ரோட்டரின் முனை உடைந்து கிடந்தது.

"ரெண்டையும் புதுசா மாத்தணும் அண்ணாச்சி. ஒட்டுப் போட்டுல்லாம் ஓட்ட முடியாது."

பீம்களை வேறு வண்டியில் மாற்றி ஏற்றும்போதே மில் முதலாளி போன் பண்ணினார். "திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு உம்ம வண்டி இங்கன நிக்கணும். இல்லன்னா வேற வண்டி பேசிருவேன், நிரந்தரமா. தறிக்காரங்ககிட்ட நான் ஏச்சு வாங்க முடியாது வே."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் வரவில்லை. அப்போது.

நம்ம வண்டியில் இருந்தது கம்பெனி டீசல் எஞ்சின் இல்லை. எனக்கு விற்றவன் அதைத் தூக்கிவிட்டு ஒரு பெட்ரோல் எஞ்சினை வைத்திருந்தான். "ஜீப் எஞ்சின் அண்ணாச்சி, எந்தக் கடையிலயும் சாமான் கிடைக்கும்" என்றான். ஏழு வருஷமாக நானும் அதையே நம்பினேன். பிளக்கும் பெல்ட்டும் அளவு பார்த்து வாங்குகிறது, அதனால் பொய் வெளியே வரவில்லை.

வெள்ளிக்கிழமை டிஸ்ட்ரிபியூட்டரை முழுசாகக் கழற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். முதல் கடையில், "எந்த வண்டிக்கு?" என்று கேட்டான்.

"பிக்கப்புக்கு."

"பிக்கப்புல ஏது டிஸ்ட்ரிபியூட்டர்? அது டீசல்லா!" பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள்.

"ஜீப் எஞ்சின் மாத்தி வச்சிருக்கு."

"அத முதல்லயே சொல்லும்." நான் பையைத் திறக்கக்கூட இல்லை. ஜீப் மூடியையும் ரோட்டரையும் எடுத்துப் போட்டு பில்லும் எழுதிவிட்டான். கடைப்படியில் உட்கார்ந்து மாட்டிப் பார்த்தேன். மூடி உட்காரவே இல்லை, அரை விரல் தள்ளி நின்றது. உடனே திரும்ப ஏறினேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த போர்டைக் காட்டினான். எலக்ட்ரிக்கல் சாமான் திரும்ப வாங்கப்படமாட்டாது.

"நான் உங்க படியை விட்டே இறங்கலையே தம்பி!"

"சாமான் கடைய விட்டு இறங்கிட்டுல்லா."

அந்த மூடியை அவன் கல்லாப்பெட்டி மேலேயே வைத்துவிட்டு வந்தேன். நீயே வச்சுக்கோ என்று கத்தினேன். அடுத்த மூன்று கடையிலும் இதே கேள்வி, இதே சிரிப்பு. கடைசிக் கடைக்காரர், "இத எடைக்குப் போட்டுட்டு ஒரு டீசல் வண்டி வாங்கும்" என்று யோசனை சொன்னார். கேட்காத யோசனை. அன்று வீட்டுக்கு வந்துதான், போன வேலை என்னாச்சு என்று கேட்ட உங்கள் மேல் பாய்ந்தேன். அது தப்பு. அதை மட்டும் ஒத்துக்கொள்ளுதேன்.

சனிக்கிழமை காலையில் மெக்கானிக்கிடம் போனேன். "கிடைச்சுதா?" என்று அவன் கேட்டதுதான் தாமதம், பையில் இருந்ததை எடுத்து இரும்பு மேஜை மேல் ஓங்கி ஒரு போடு போட்டேன். டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பக்கவாட்டில் இருந்து சந்தனம்தான் ஒரு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நான் எஞ்சினை மேலாகத் துடைத்து, அங்கங்கே சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பேன். பார்த்திருக்கிறீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கம் ஒரு சின்னத் தட்டையான இடம், பொட்டு வைக்க வாகாக இருக்கும். ஏழு வருஷச் சந்தனம் எஞ்சின் சூட்டில் காய்ந்து காய்ந்து சிமெண்டு மாதிரி ஆகியிருந்தது. அது பெயர்ந்த இடத்தில் ஒரு தகரப் பட்டை. அதில் வெட்டின எழுத்தும் நம்பரும்.

மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஊரெல்லாம் தேடுன நம்பருக்குக் குங்குமம் வச்சுக் கும்பிட்டிருக்கீரே அண்ணாச்சி!"

"சிரிக்காதலே. போட்டோ எடு."

தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கிற அவன் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் மச்சான் போனில் வந்தான். "இது ஜீப்பும் இல்ல, காரும் இல்ல. குடோன்ல பாரம் தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டி எஞ்சின். இங்கன ஒர்க்‌ஷாப்புல கிடைக்கும், வரச் சொல்லு."

விற்றவனுக்குப் போன் போட்டேன். ஏமாத்திட்டியேல என்றேன். அவன் நிதானமாக, "ஏழு வருஷம் ஓடுச்சா இல்லையா அண்ணாச்சி? இப்ப என்ன குறை?" என்று கேட்டான். போனை வைத்தேன். அந்தக் கேள்விதான் இன்றைக்கும் எரியுது.

மத்தியானமே தூத்துக்குடி பஸ் ஏறினேன். ஒர்க்‌ஷாப்காரர் என்ன வண்டி என்று கேட்கவே இல்லை. பட்டையைப் பார்த்தார், உள்ளே போனார், மூடியும் ரோட்டருமாக வந்தார். அங்கேயே மாட்டியும் காட்டினார். க்ளிக் என்று உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் பூட்டினோம். இரண்டாவது சாவிக்கு எஞ்சின் பிடித்தது.

திங்கக்கிழமை ஐந்தே முக்காலுக்கு மில்லுக்குள் வண்டியை விட்டேன். அங்கே ஏற்கெனவே வேறொரு வண்டி நின்றது. அதில் மூன்று பீம் ஏறியிருந்தது.

முதலாளியிடம் நேராகப் போனேன். "ஆறு மணின்னு சொன்னீங்க."

"நீரு வரமாட்டீருன்னு நினைச்சேன் வே."

"நினைக்கதுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கு முதலாளி."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இறக்கு என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. நான் என் வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு, அந்த வண்டியில் ஏறி முதல் பீமின் ஒரு முனையைப் பிடித்தேன்.

அந்த டிரைவர் ஓடி வந்தான். "ஏ அண்ணாச்சி, சண்டைக்கா வந்தீரு?"

"பாவ என் வண்டியில ஏத்த வந்தேன். அந்த முனையப் பிடி."

அவன் முதலாளியைப் பார்த்தான். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குள் போய்விட்டார். அவன் என்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். நானும் ஒன்று சொன்னேன். பிறகு அந்த முனையை அவன் பிடித்தான்.