ஐம்பதாம் பக்கத்து நட்சத்திரம்

தென் அமெரிக்காவை நான் பதினோரு வருஷம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஒரே இழுப்பு, கீழே வரவரக் கொஞ்சம் ஒல்லியாக்கினால் போதும், ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் வாயைப் பிளப்பார்கள். ஆண்டிஸ் மலை, அமேசான் ஆறு, விளைபொருள் காப்பி, தாதுப்பொருள் தாமிரம். அந்தக் கண்டத்தில் மனிதர்களும் இருக்கிறார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லவில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

அறுபதுகளின் கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். இரண்டு வரன்கள் தட்டிப்போன பிறகு கல்யாணப் பேச்சை எல்லாரும் மரியாதையாக விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டால் பேச ஆள் கிடையாது. வீட்டுக்கார அம்மாள் பேசுவார், தண்ணீர்க் குழாயைப் பற்றி மட்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகக் கலைந்து போவார்கள். நான் கைப்பையில் எதையோ தேடுவது போல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்புவேன்.

ரயில் நிலையத்துக்கு மேற்கே ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. ஊர் திரும்பிய வெளிநாட்டுத் தம்பதி ஒரு பெட்டிப் புத்தகங்களை அந்தக் கடைக்காரரிடம் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாம் பெரு, அர்ஜென்டினா, அதற்கு வடக்கே மெக்சிகோ, கியூபா நாவல்கள், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவை, செங்கல் கனம். “யாரும் அவ்வளவாச் சீண்டறதில்லை டீச்சர். நீங்களாவது எடுத்துட்டுப் போங்க” என்றார் கடைக்காரர்.

முதலில் எடுத்தது கியூபாக் கதை. அங்கே சுருட்டு சுற்றும் தொழிலாளிகள், வேலை செய்யும்போது தங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவதற்கென்றே ஒரு ஆளை வைத்துக்கொள்வார்களாம். கதையில் அப்படிப் படிக்கிறவருக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. வேலை போய்விடுமே என்று அதை மறைத்து, வெறும் பக்கத்தைப் பார்த்தபடி தானாகவே கதை கட்டிச் சொல்கிறார். படித்துவிட்டு அழுதேன். நம் பீடிக் கொட்டகைகளிலும் இப்படிப் பேப்பர் படிப்பார்களே, அங்கேயும் இங்கேயும் ஒரே மனுஷர்கள்தானே என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டுக்கார அம்மாளிடமா சொல்ல முடியும்?

வாடகைப் புத்தகம் எடுப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படித்ததையே மறுபடி எடுத்துவிடாமலிருக்க, ஏதாவது ஒரு பக்கத்தில் தங்களுக்கென்று ஒரு அடையாளம் போட்டு வைப்பார்கள். என்னுடையது முப்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு புள்ளி. இந்த நாவல்களில் எனக்கு முன்னாலேயே யாரோ அடையாளம் போட்டிருந்தார்கள். ஐம்பதாம் பக்கத்து மூலையில், ஊதாப் பென்சிலில், ஒரு சின்ன நட்சத்திரம். ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டினேன். பதினான்கிலும் இருந்தது.

அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். இந்தத் தாம்பரத்தில், இதே ரயிலுக்கு ஓடுகிற கும்பலில், இந்தப் பதினான்கையும் படித்து, நட்சத்திரம் போடுகிற அளவுக்கு ரசித்த ஒருவர் இருக்கிறார். முதலில் ஆண் என்றே நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது. பிறகு யாராயிருந்தாலும் சரி என்றாகிவிட்டது. சமைக்கும்போது அவரோடு பேசினேன். நல்ல இடங்கள் வந்தால், ‘இதைக் கவனித்தீர்களா?’ என்று கேட்டேன். ஒருநாள் துணிந்து, கியூபா நாவலின் ஐம்பதாம் பக்கத்தில் பென்சிலால், “அந்தப் படிக்கிறவர் பொய் சொன்னது சரியா?” என்று எழுதி வைத்தேன். ஒரு வருஷம் போயிற்று. பதில் இல்லை. மதிக்கவில்லை போலும் என்று அந்த முகம் தெரியாத ஆளிடம் கோபித்துக்கொண்டேன்.

அந்த ஆளை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தேன். வெள்ளைப் புடவையில் ஒரு நர்ஸ், என் வயதுதான் இருக்கும். அர்ஜென்டினா நாவல் ஒன்றை உருவி, நேராக ஐம்பதாம் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, உச்சுக் கொட்டி, பழையபடி சொருகினாள். பக்கத்தில் போய் நின்றேன்.

“அந்த நட்சத்திரம் நீங்க போடறதா சிஸ்டர்?” என்றேன்.

“ஆமாம். ஏன், போடக் கூடாதா?”

“ஐயோ, அதுக்கில்லை. பதினாலும் படிச்சிருக்கீங்களே.”

அவள் சிரித்துவிட்டாள். “யாரு, நானா? நைட் டியூட்டிக்குக் குண்டு புஸ்தகமா இருந்தா தேவலைன்னு எடுப்பேன். நாலு பக்கம் தாண்டாது. எங்க வார்டுல மருந்து ஒத்துக்காதவங்க சீட்டுல நட்சத்திரம் போடுவோம், மறுபடி தப்பாக் குடுத்துடக் கூடாதுன்னு. இதுவும் அது மாதிரிதான். படிச்சு முடிச்சா வெறும் டிக்.” பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டாள். “எனக்கு மண்டையில ஏறலை. நீங்க டீச்சர், உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.”

அவள் முகத்தைப் பார்த்தேன். நான் ஆமாம் என்று சொன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று தெரிந்தது. “எனக்கும் ஒத்துக்கலை சிஸ்டர்” என்றேன்.

“அப்பாடா, நான் மட்டும்தான் மக்குன்னு நெனச்சேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். லெவல் கிராசிங் வரை சேர்ந்து நடந்தோம். வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையைப் படிக்கிறீர்களா என்று கேட்டாள். விடாமல் படிக்கிறேன் என்றேன். மறுநாள் பழைய பேப்பர் கடைக்குப் போய், வந்தவரை எல்லா அத்தியாயங்களையும் வாங்கிவந்து ஒரே மூச்சில் படித்தேன்.

மூன்று வருஷம் சிநேகிதமாக இருந்தோம். நல்லவள், எனக்குக் காய்ச்சல் வந்தபோது வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறைக்கு வருவாள். படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் மெக்சிகோவையோ பெருவையோ தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, வாரப் பத்திரிகையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். கதாநாயகி என்ன ஆவாள் என்று அவள் கேட்பாள். நானும் யோசித்துச் சொல்வேன். பேச ஒரு ஆள் வேண்டும் என்று அத்தனை வருஷம் ஜெபம் பண்ணின நான், அவள் எப்போது எழுந்து போவாள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.