ஒரே பிளாக்கில் இரண்டு கைகள்

எண்பதுகளில், பட்டம் பெற்ற கையோடு, தருமபுரியில் தொழுநோய் ஒழிப்புக்காக இயங்கிய ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே அச்சான ஒரு படத்தை இன்றுவரை அருவருப்பின்றி நினைக்க முடிந்ததில்லை. அருவருப்பு நோயின்மேல் அன்று.

மாநிறமான ஒரு முன்கை. அதில் தொழுநோயின் முதல் அடையாளமான வெளிறிய தேமல். அவ்வளவுதான் படம். நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் ஆண்டறிக்கையின் வழவழப்பான ஆர்ட் பேப்பரிலும், பாலக்கோடு சந்தையில் கொடுக்கும் நோட்டீசின் மட்ட ரகத் தாளிலும் அது வரவேண்டும். அச்சில் புகைப்படம் என்பது புள்ளிகளின் கூட்டம். வழவழப்பான தாள் நெருக்கமான பொடிப்புள்ளிகளைத் தாங்கும். மையை உறிஞ்சும் தாளுக்கு இடைவெளி விட்ட பெரிய புள்ளிகள் வேண்டும். ஆகவே, படத்தைப் பொறித்து அச்சடிக்கும் உலோகத் தகடான பிளாக்கை, சேலத்தில் தாளுக்கொன்றாக இரண்டு செய்யச் சொல்லலாம் என்றேன்.

செயலாளர் சிரித்தார். "சந்தைக்கு வர்றவன் புள்ளியா எண்ணப் போறான்? அறிக்கைக்கு நல்லா வர்ற பிளாக்கச் செய்யச் சொல்லு தம்பி. அதையே நோட்டீசுக்கும் போட்டுக்கலாம்."

போட்டார்கள். நோட்டீசில் மை அடைத்துக்கொண்டு, தேமல் மறைந்து, முன்கை ஒரே கறுப்புத் திட்டாகியிருந்தது. அதன்கீழே, 'உங்களுக்கும் இப்படி இருக்கிறதா?' என்ற கேள்வி. நான் தடுக்குமுன் நோட்டீஸ் கட்டுகள் பஸ் ஏறிவிட்டன.

அடுத்த வாரம் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். தக்காளி மண்டியில் தரம் பிரிப்பவர். முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த மச்சம்.

"பொறந்ததுலருந்து இருக்குதுங்க இது. நோட்டீசப் பாத்துட்டு வேலைக்கு வராதன்னுட்டாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

நோயுள்ளவரையும் விரட்டலாகாது, இவருக்கோ நோயே இல்லை. ஆண்டறிக்கையை எடுத்துக்கொண்டு அவருடன் மண்டிக்குப் போனேன். அதில் தேமல் ஓரம் பிசகாமல் தெரிந்தது. மண்டிக்காரர் தன்னிடமிருந்த நோட்டீசை எடுத்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது வேற கையிங்க."

"அதே கைதாங்க. தாள்தான் வேற."

"அப்பிடீங்களா? நல்ல தாளு யாருக்குப் போவுது?"

"வெளியூருக்கு."

"அப்ப வெளியூருல போய்ச் சொல்லுங்க. இங்க பேப்பருல போட்டுட்டீங்க, இப்ப வாயில அழிக்கறீங்களா?"

கூடை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "அக்கா, உங்கையி போட்டாவுலயே வந்துடுச்சு, இன்னும் என்ன வேல?" என்றார். அந்தப் பெண் முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டார்.

நோட்டீசைத் திருத்தி அச்சடிக்க வேண்டும் என்று செயலாளரிடம் சொன்னேன். அறிக்கையைப் பாராட்டி வந்த கடிதத்தை என்னிடம் நீட்டினார். "படம் உசிரோட இருக்குதாம், பாரு." அவர் விரல் பட்டதைத் தொட மனமில்லாமல், மேசைமேல் வைக்கச் சொன்னேன். திருத்திய நோட்டீஸ் வரவேயில்லை.

கோடையில் ஒருநாள், சந்தையின் மறுகோடியிலிருந்த வேறொரு மண்டியில் அந்தப் பெண்ணைக் கண்டேன். சேலைமேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை; வயல்காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் போடுவதுதான். மற்றவர்கள் கையை மடித்து விட்டிருந்தார்கள். அவருடைய சட்டைக்கை மணிக்கட்டில் பொத்தானிட்டு, அழுகிய தக்காளிச் சாற்றில் ஊறி, ஈ மொய்த்துக் கிடந்தது. அருகே போனேன். அவர் தலை நிமிராமல் பேசினார்.

"தள்ளிப் போங்க சார். நீங்க நோட்டீசு ஆபீசுக்காரருன்னு இங்க எல்லாத்துக்கும் தெரியுமுங்க."