உள்ளது அக்கா

எங்கள் அரசுப் பெண்கள் பள்ளி அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்த பெண்மணிக்கு, ஆசிரியர் அறையில் நாங்கள் வைத்த பட்டப்பெயர் ‘உள்ளது அக்கா’. வைத்தவள் நான்தான். மொழிப்பாடம் எடுப்பவளுக்கு வாய் சும்மா இருக்குமா? இப்போது அதை நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வரும். நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். குடிநீர் உள்ளதா, கழிப்பறை உள்ளதா, நூலகம் உள்ளதா, ஆய்வகம் உள்ளதா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். குழாய் இருந்தது, தண்ணீர் வரவில்லை. ‘இல்லை’ என்று எழுதினார். ஆய்வகம் என்று பலகை மாட்டிய அறையில் உடைந்த பெஞ்சுகள் கிடந்தன. அதற்கும் ‘இல்லை’. மொத்தம் பதினோரு ‘இல்லை’. பத்தே நாளில் தலைமையாசிரியருக்கு ஓலை வந்தது. இத்தனை வசதிகள் ஏன் இல்லை, மூன்று நாட்களுக்குள் விளக்கம் தருக என்று. கொடுக்க வேண்டியவன், கொடுக்காததற்கு நம்மிடம் விளக்கம் கேட்கிறான்! தலைமையாசிரியர் ஆடிப்போய் அக்காவை அழைத்தார்.

“ரூம் இருக்குல்ல? அப்ப உள்ளதுன்னு போடுங்கம்மா. உள்ள என்ன இருக்குன்னா கேட்டாங்க?”

அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் எல்லாமே உள்ளது. மற்ற பள்ளிகளிலும் இதே கதைதான். எழுத்தர்கள் கூட்டத்துக்குப் போனால் ஒருவரையொருவர் “எல்லாம் உள்ளதா?” என்றுதான் நலம் விசாரிப்பார்களாம்.

அக்காவின் அறை ஆறடிக்கு எட்டடி. இரண்டு இரும்பு பீரோ, தானாகத் திறந்துகொள்ளும் மேசை இழுப்பறை, அதைத் திறக்க விடாமல் முட்டுக்கொடுக்கும் அவர் வலது முழங்கால். சான்றிதழ் கேட்டு ஜன்னலில் வந்து நிற்கும் பெண்கள் விண்ணப்பத்தில் ஒரு எழுத்துப் பிழை விட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். “எங்கிட்டயே இப்படி எழுதினா வெளியில போய் என்ன பண்ணுவே?” என்பார். பிழை திருத்திக் கொண்டுவந்தால் அன்றைக்கே சான்றிதழ் கிடைத்துவிடும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் வேதியியல் ஆசிரியை ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. விலங்கியல் ஆசிரியை புத்தகத்தைத் திறந்து வாசிப்பார். சமன்பாடு வந்தால், “இத வீட்ல பாத்துக்கங்க” என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். பாவம், அவர் என்ன செய்வார்? படிவத்தில் ‘வேதியியல் வகுப்பு உள்ளதா?’ என்று கேட்டிருந்தது. உள்ளது.

இதே நான்கு ஆண்டுகளில் மதில் சுவருக்கு மூன்று முறை வர்ணம் அடிக்க நிதி வந்தது. ஆய்வகத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் வாங்க வக்கில்லாதவர்களுக்கு, சுவர் முழுக்கத் தலைவர் சிரிக்கும் படம் வரைய வக்கிருந்தது. பக்கத்தில் ஆள் உயர எழுத்தில் ‘கல்வியே எங்கள் கன்’. கண் என்று எழுதத் தெரியாதவர்கள் கல்வியைக் கண்ணாகப் பார்க்கிறார்களாம். வர்ணம் அடித்தவரிடம் போய்ச் சொன்னேன். “மேல இருந்து இப்படித்தான் வந்துச்சு மிஸ். மாத்தினா எனக்குப் பில் பாஸாகாது” என்றார். தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் இலக்கணம் நடத்தப் போனேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் ஒரு ஆணை வந்தது. ‘தங்கள் பள்ளி அளித்த விவரங்களின்படி ஆய்வகம் உள்ளது. வேதியியல் வகுப்புகளும் தடையின்றி உள்ளன. ஆகவே நான்காண்டுகளாகக் காலியாக இருக்கும் வேதியியல் ஆசிரியர் பணியிடம் உபரி எனக் கருதி ரத்து செய்யப்படுகிறது.’

ஆசிரியர் இல்லாமலே பாடம் நடக்கிறதென்றால் ஆசிரியர் எதற்கு? இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் நம்மை ஆள்கிறார்கள். நான் ஆசிரியர் அறையில் கத்தித் தீர்த்தேன். அக்கா கத்தவில்லை. ஆணையை மூன்று முறை படித்தார்.

“டீச்சர், இதுல அவங்க பொய் ஒண்ணுகூட இல்ல. எல்லாம் என் பொய்.”

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். திருத்திய படிவத்தை வாங்கிப் பார்த்த அதிகாரி சிரித்தாராம்.

“திருத்தணும்னா, இத்தனை வருஷமா பொய்த் தகவல் குடுத்தேன்னு கைப்பட எழுதிக் குடுக்கணும். குடுத்தா உங்க பென்ஷன் அவ்ளோதான். ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாசம்தானே இருக்கு? பேசாம போங்கம்மா.”

“எழுதிக் குடுத்தா அந்த போஸ்ட் திரும்ப வருமா சார்?”

“ஃபைல் மறுபடி மேல போகும். அதுக்கு மேல எங்கையில இல்ல.”

அக்காவின் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். அன்று மாலை என்னை வீட்டுக்கு வரச்சொன்னார்.

“நீங்களாவது சொல்லுங்க டீச்சர். முப்பது வருஷம் பஸ்ஸுக்கு அடியில படுத்து எனக்கு முதுகு போச்சு. இவ பென்ஷன நம்பித்தான் இருக்கோம்.”

நானும் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னேன். அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“பன்னெண்டாவதுல முப்பத்தெட்டுப் பொண்ணுங்க டீச்சர். நர்ஸாகணும், மருந்தாளுநராகணும்னு தினம் ஜன்னல்ல வந்து நிக்குதுங்க. ‘கெமிஸ்ட்ரி மிஸ் எப்பக்கா வருவாங்க?’ன்னு கேக்குதுங்க. வருவாங்க, வருவாங்கன்னு வாய் கூசாம சொல்லிட்டிருந்தேன். அவங்கள வரவிடாம பண்ணினதே நான்தான்னு தெரியாம.”

“நீங்களா பண்ணீங்க? பண்ணினவன் மேல உக்காந்திருக்கான்க்கா!”

“அவன் எழுதித் தரமாட்டான். நான் தரேன்.”

எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரே பக்கம், ஒரு பிழை கிடையாது. கூடவே பத்தொன்பது ஆண்டுப் படிவங்களின் நகல்.

விஷயம் எப்படியோ பத்திரிகைக்குப் போய், சட்டசபையில் கேள்வியாக வந்தது. கல்வி அமைச்சர் எழுந்தார். ஒரு எழுத்தரின் பொறுப்பற்ற செயலால் அரசின் நற்பெயருக்குக் களங்கம் என்றார். தங்கள் ஆட்சியில் ஆய்வகம் இல்லாத பள்ளியே இல்லை என்றார். மேசையைத் தட்டினார்கள். அன்று மாலை முதலமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி, கல்விக்கு நிதி ஒதுக்கியதில் தாங்கள்தான் முதலிடம் என்று நெஞ்சை நிமிர்த்தினார். ஒதுக்கினார்கள், சரி. எங்கே ஒதுக்கி வைத்தார்கள் என்று கேட்க அங்கே ஒரு நாதி இல்லை. மறுநாள் அக்காவுக்குப் பணியிடை நீக்க உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை ஓய்வூதியப் பேச்சே கிடையாது.

நான்காம் நாள் அக்கா சாவிகளை ஒப்படைக்க வந்திருந்தார். அதே நேரம் ஒரு வேன் உள்ளே நுழைந்தது. இரண்டு அதிகாரிகள், ஒரு புகைப்படக்காரர், வைக்கோல் அடைத்த நான்கு மரப்பெட்டிகள். உடைந்த பெஞ்சுகளை வெளியே எறிந்துவிட்டு ஆய்வகத்தில் நீள மேசை போட்டார்கள். பெட்டிகளிலிருந்து கண்ணாடிச் சாமான்களை எடுத்துத் துடைத்து வரிசையாக அடுக்கினார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களை மேசைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். விலங்கியல் ஆசிரியையை ஏதோ கணக்கெடுப்புக்கு வீடு வீடாக அனுப்பியிருந்ததால், அவர்களோடு நிற்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் வாசலோடு நின்றுகொண்டேன்.

“சிரிங்கம்மா, சிரிங்க.”

முன்வரிசையில் நின்ற பெண் ஒரு குடுவையை ஆசையாகத் தொடப் போனாள். ஒரு அதிகாரி பதறினார்.

“தொடாதம்மா! வேற ஸ்கூல்லேர்ந்து எண்ணி வாங்கிட்டு வந்திருக்கோம். சாயங்காலத்துக்குள்ள இன்னும் மூணு ஸ்கூல் போகணும்.”

அந்த மேசையை அப்படியே கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை. எனக்கும் ஓய்வூதியம் இருக்கிறதே.

அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“மிஸ், அந்த நீளமான குழாய்க்கு என்ன பேரு?”

எனக்குத் தெரியவில்லை. பின்னால் சாவிக்கொத்தோடு நின்ற அக்காதான் பதில் சொன்னார்.

“அது பியூரெட். பக்கத்துல சின்னதா இருக்கிறது பிப்பெட். அடி அகலமா இருக்குல்ல, அது கூம்புக் குடுவை.”

பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அக்கா, உங்களுக்கு கெமிஸ்ட்ரி தெரியுமா? அத வெச்சு என்னக்கா பண்ணுவாங்க?”

“அது தெரியாதும்மா,” என்றார் அக்கா. “படம் போட்ட பட்டியலப் பாத்து இருப்புப் பதிவேட்டுல வருஷா வருஷம் பேர மட்டும் எழுதுவேன். நானும் இன்னிக்குத்தான் பாக்குறேன்.”