மூன்றாம் பாட்டில் விழுந்த இரும்பு

செப்டம்பர், அக்டோபர் ஞாயிற்றுக்கிழமைகளில் ருமியானா பால்கனியில் மிளகாய் சுடுவாள். முழங்கால் உயரத்துக்கு ஒரு மின்சாரச் சுடுபானை. நீளமான சிவப்புக் குடைமிளகாய் மூன்றை அதற்குள் இறக்குவாள், இரும்பு மூடியைப் போடுவாள், தோல் கருகியதும் மூடியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு இடுக்கியால் எடுப்பாள், அடுத்த மூன்றை இறக்குவாள். இருபது கிலோ. சுட்டதைத் தோல் உரிப்பது கணவன் லூபெனின் பங்கு. இருபத்தெட்டு வருடமாக இந்தப் பங்கீடு மாறவில்லை. லூபென் பாதியில் காணாமல் போவதும் மாறவில்லை.

தூரமாக ஒன்றும் போகமாட்டான். திறந்த பால்கனிக் கதவுக்கு இந்தப் பக்கம், அடுப்படி மேஜையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"லூபென்! மிளகாய் ஆறிப் போச்சு. ஆறினா தோல் வராது."

"முப்பத்தெட்டு நிமிஷம்தான் ருமி. இன்னிக்குப் பட்டியல் போயாகணும்."

"போகலேன்னா என்ன, டான்யூப் ஆறு நின்னுடுமா?"

நிற்காது என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் பத்தொன்பது வருடமாக ஒரு மாதம் கூடத் தவறவில்லை.

லூபெனுக்குச் சோறு போடுவது லிப்டு. ரூசே நகரத்து அடுக்குமாடிகளில் பாதிக்கு அவன்தான் மெக்கானிக். தரைத்தளத்தில் நின்று கண்ணை மூடிக் கேட்டால், நான்காம் மாடிக் கதவில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். இந்தத் திறமையை ஊரே ஒப்புக்கொள்ளும். மற்றொரு திறமையை அவனே தனக்குக் கொடுத்துக்கொண்டான். ஒவ்வொரு மாதக் கடைசி ஞாயிறன்றும், கடைகளுக்கு வராத, வானொலி தொடாத புது இசைத்தட்டுகள் எட்டைப் பற்றி எழுதி இருநூற்றுப் பதினொரு பேருக்கு மின்னஞ்சலில் அனுப்புவான். சிமெண்டுக் கிடங்குக்குள் கிடாரை அலறவிட்ட மூவர், கல்யாணக் கிளாரினெட்டை நான்கு மடங்கு மெதுவாக ஓட்டிய கெட்டிக்காரன், பல் பிடுங்கும் இயந்திரத்தை வைத்து நடனத் தாளம் போட்ட பல் டாக்டர் எல்லாரும் அதில் வருவார்கள். வகை பார்க்கமாட்டான். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், "நீ வரிசையில நில்லு, வாயை மட்டும் அசை, சத்தம் வேணாம்" என்று சொன்னாராம். அந்த வாயடைப்புக்குத்தான் ஐம்பத்து மூன்று வயதிலும் பழிவாங்குகிறான் என்பது ருமியானாவின் கணிப்பு. இருநூற்றுப் பதினொரு பேரில் நாற்பது பேராவது முகவரி மாறிப் போனவர்கள் என்பது அவனுடைய கணிப்பு.

பட்டியலின் கடைசியில் எப்போதும் ஒரே வரி இருக்கும்: 'காதால் கேட்டதை மட்டும் எழுதுகிறேன், கேள்விப்பட்டதை எழுதுவதில்லை.' அவனிடம் பெருமை என்று இருந்தது இந்த வரி ஒன்றுதான். நன்றாக எழுதுகிறான் என்று யாரும் சொன்னதில்லை. பொய் எழுதினான் என்றும் சொன்னதில்லை.

அன்றைக்கு அவன் கேட்டுக்கொண்டிருந்தது திஹோமிரா என்ற பெண்ணின் முதல் இசைத்தொகுப்பு. வார்னாவில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஒரு பழைய அக்கார்டியனின் கட்டைகளை அமுக்காமல், துருத்தியை மட்டும் இழுத்தும் விட்டும் மூச்சுச் சத்தத்தைப் பதிவு செய்திருந்தாள். பெயரே 'துருத்தி'. நாற்பது கேசட்டுகள்தான் போட்டிருந்தாள். லூபென் எழுதினான்:

'மூன்றாம் பாட்டில், நெடிய மூச்சுகளுக்கு நடுவே, ஒழுங்கில்லாத இடைவெளிகளில் ஓர் இரும்பு விழுகிறது. அது விழும்போதெல்லாம் வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்ற ஆறுதல் வருகிறது.'

எழுதி முடித்ததும் அதை இரண்டு தடவை தனக்கே படித்துக் காட்டிக்கொண்டான். அனுப்பிவிட்டுப் போய்த் தோல் உரித்தான். ஆறிப்போயிருந்ததால் தோல் வரவில்லை.

நாலே நாளில் நாற்பது கேசட்டும் தீர்ந்துவிட்டன. பத்தொன்பது வருடத்தில் அவன் சொல்லி எதுவும் தீர்ந்ததில்லை. கூடவே திஹோமிராவிடமிருந்து ஒரு கடிதமும் வந்தது. 'லூபென் அண்ணே, ரொம்ப நன்றி. ஆனா இரும்புன்னு எழுதியிருக்கீங்களே, அது எங்க வருது? நானும் மூணு தடவ கேட்டுட்டேன்.'

அவன் செய்திருக்க வேண்டியது, மறுபடி ஒருமுறை கேட்பது. அவன் செய்தது, பதில் எழுதியது. 'செய்தவருக்குத் தன் வேலை கேட்காது, தங்கச்சி. நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.' எழுதியபோது ஒரு மேதையின் தோரணை தன் தோளில் வந்து உட்கார்ந்ததை அவன் உணர்ந்தான். நல்ல கனமாகத்தான் இருந்தது. போதாக்குறைக்கு, இரண்டாம் தடவை கேட்டபோது இரும்பு தெளிவாகக் கேட்டது என்று இரண்டு வாசகர்கள் எழுதினார்கள். அவர்களும் பால்கனிக் கதவைத் திறந்து வைத்திருந்தவர்களோ என்னவோ.

அக்டோபரில் திஹோமிரா மறுபடி எழுதினாள். இன்னும் இருநூறு கேசட் போடுகிறாள். அட்டையின் பின்பக்கத்தில் அவனுடைய அந்த இரண்டு வாக்கியம், கீழே அவன் பெயர். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்கு முன், சனிக்கிழமை, அட்டையைக் காட்ட ரூசேவுக்கு வருகிறாள்.

லூபென் அந்தக் கடிதத்தை லிப்டுக் கூண்டின் கூரைமேல் நின்றபடி நான்கு முறை படித்தான்.

அந்த வாரம் ஹெட்போனின் ஒயர் அறுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை வெறுங்காதோடு உட்கார்ந்து தோல் உரித்தான். பால்கனியில் ருமியானா மூடியைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

ணங்.

லூபெனின் கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, மறுபடி ணங்.

"ருமி, அதை இன்னொரு தடவ வை."

"எதை?"

"மூடியை."

வைத்தாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அடுப்படிக்குள் வந்தாள். அவன் சொன்னான். மேதைத் தோரணையை மட்டும் விட்டுவிட்டு, மற்றதெல்லாம் சொன்னான். ருமியானா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கையிலிருந்த இடுக்கி கீழே விழும்வரை சிரித்தாள். அந்தச் சத்தமும் பாட்டில் இருந்தது என்று அவனுக்கு ஞாபகம் வந்தது. ஐந்தாம் பாட்டு.

"அப்போ இருபத்தெட்டு வருஷத்துல என்னைப் பத்தி நீ எழுதின ஒரே நல்ல வார்த்தை இதுதானா? அதுவும் தெரியாம எழுதினதா?"

"சிரிக்காதடி. அது என் பேரோட அச்சாகுது."

"மிளகாய் பேரையும் சேர்த்துப் போடச் சொல்லு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இருநூறு அட்டையில், கேட்காததைக் கேட்டதாக, அவன் பெயர் இருக்கப்போகிறது. பட்டியலின் அந்தக் கடைசி வரியை இனி எந்த முகத்தோடு எழுதுவான்? உண்மையைச் சொன்னாலோ, ஊர் முழுக்கச் சுடுபானை விமர்சகன் என்று ஆகிவிடும். ரூசேவில் ஒரு பட்டப்பெயர் ஒட்டினால் கல்லறைக் கல்வரைக்கும் வரும்.

முதலில் அந்தப் பாட்டை ஒழுங்காகக் கேட்டாக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒயரை ஒட்டுப்போட்டு எடுத்துக்கொண்டு, அவன் தங்கள் கட்டடத்தின் உச்சியிலுள்ள லிப்டு இயந்திர அறைக்குப் போனான். மோட்டாரை நிறுத்திவிட்டால் ஊரிலேயே அமைதியான இடம் அதுதான். எல்லா மாடியிலும் 'பழுது' என்ற அட்டையைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு முப்பத்தெட்டு நிமிடம் கேட்டான். ஐந்தாம் மாடியில் குடியிருக்கும், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் கஞ்சோ, இரண்டு கையிலும் முட்டைக்கோசோடு படியேறிக்கொண்டே யாரையோ தாய் வழியிலும் தந்தை வழியிலும் விசாரித்துக்கொண்டு போனது மட்டும் நடுவில் கேட்டது. அதை லூபென் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த அளவுக்கு இப்போது புத்தி வந்திருந்தது.

சனிக்கிழமை திஹோமிரா வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, அட்டையை மேஜையில் வைத்தாள். பால்கனியில் ருமியானா இந்த வருடத்தின் கடைசி ஆறு கிலோவைச் சுட்டுக்கொண்டிருந்தாள். சுட்ட மிளகாயும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் தட்டில் வந்தன.

"சாப்பிடும்மா. இவரை நம்பி வந்திருக்கே, வயிறாவது நிறையட்டும்" என்றாள் ருமியானா.

"அட்டை எப்படி இருக்கு, லூபென் அண்ணே?"

லூபென் தொண்டையைச் செருமிக்கொண்டான். இரண்டு நாளாக ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று இருந்தது. அதைத் தொடங்குவதற்குள் பால்கனியில் ணங் என்று விழுந்தது. திஹோமிராவின் கை ரொட்டியோடு நின்றது. அட்டையைப் பார்த்தாள், பால்கனியைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"இதுவா?"

"இதுதான்."

"அப்போ, நல்ல ஹெட்போன்ல கேளுன்னு எழுதினீங்களே?"

"அது திமிர்" என்றான் லூபென். "தப்பு என்னுது. நேத்து அமைதியான இடத்துல உக்காந்து முழுசாக் கேட்டேன்."

"கேட்டு?"

பொய் சொல்ல இது மிகவும் வசதியான இடம். அந்தப் பெண்ணே அதைத்தான் எதிர்பார்த்தாள். பால்கனியில் ருமியானாவும் மூடியைத் தூக்காமல் நின்றாள்.

"முதல் ரெண்டும் பிரமாதம்மா. நாலாவதுல ஒரு இழுப்பு வருதே, லிப்டு மாடிக்கு வந்து நிக்கறதுக்கு முன்னாடி ஒரு பெருமூச்சு விடும், அப்படியே அது. அதை நான் மொத தடவ கேக்கவே இல்ல. ஆனா அந்த மூணாவது..." அவன் தலையைச் சொறிந்தான். "எதுக்கோ காத்துக்கிட்டே இருக்கு. வர்றதில்ல."

"மூடி வந்தா நல்லா இருக்குங்கறீங்க."

"கேட்டதைச் சொல்றேன்."

"ரெண்டு வருஷம் உக்காந்து பண்ணினேன், அண்ணே. உங்க வீட்டுச் சட்டிமூடி என்னைவிட நல்லா வாசிக்குதா?"

"அதுக்கு அனுபவம் ஜாஸ்திம்மா" என்றாள் ருமியானா பால்கனியிலிருந்து. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திஹோமிரா சிரிக்கவில்லை. ரொட்டியைத் தட்டில் வைத்தாள். அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். மடங்கிவிடாமல் இருக்க நடுவில் ஒரு நோட்டுப் புத்தகத்தைச் செருகினாள்.

"நடந்ததை அடுத்த பட்டியல்ல நான் அப்படியே எழுதிடறேன்" என்றான் லூபென். "மூடி, மிளகாய், திமிர் எல்லாத்தையும். உன்னைக் கேலியா எழுதமாட்டேன், என்னைத்தான்." அவள் எழுந்ததும் அவனும் எழுந்தான். "ஆனா அட்டை திங்கட்கிழமை போகுது இல்லயா? அந்த வரி இருக்கணுமா, வேணாமா? நீயே சொல்லும்மா."

ருமியானா உள்ளே வந்து, மூடி திருகிய ஒரு மிளகாய் ஜாடியை அவள் கையில் வைத்தாள். திஹோமிரா அதை வாங்கிக்கொண்டாள். வாசலில் குனிந்து ஷூவின் கயிற்றை நிதானமாக முடிந்தாள், இடது, வலது. லூபென் நின்றுகொண்டே இருந்தான். பால்கனியில் கடைசி மூன்று மிளகாய் வெடித்துக்கொண்டிருந்தன. அவள் நிமிர்ந்து அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், அப்புறம் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

லிப்டின் சத்தத்துக்காக அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். வரவில்லை. ஏழு மாடியும் படியில்தான் இறங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தொங்கவிட்ட 'பழுது' அட்டையை அவன் இன்னும் எடுக்கவில்லை.